சுவரில் இருக்கும் சம்பந்தி

“அக்கா, அதை எங்கிட்ட விட்டுடு” என்று சொல்கிற தம்பி ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால், கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் அவனை ஊரை விட்டு அனுப்பிவிடுங்கள். ரங்கூனுக்குக் கப்பல் போகிறது. பினாங்குக்கும் போகிறது. அதற்கு வசதியில்லாவிட்டால் ஓர் அறையில் போட்டுப் பூட்டி, வேளாவேளைக்குச் சோற்றை ஜன்னல் வழியாகக் கொடுங்கள். வேடிக்கைக்காக நான் இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளுக்கு ‘கோபம் கூடாது’ என்று பாடம் நடத்துகிறவள் நான். இந்த முதல் பத்தியை எழுதி முடிப்பதற்குள் பேனா முனையை அழுத்தி அழுத்தி வளைத்துவிட்டேன்.

என் இரண்டாவது பெண் வடிவுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். நேற்று என் தம்பி முருகேசன் வந்தான். காபி குடித்தான். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னான். மூத்தவள் லோகநாயகியின் கல்யாணத்தின்போது அவன் இதே வாக்கியத்தைச் சொன்னான். நான் ‘சரி’ என்றேன். அந்தச் ‘சரி’ செய்த வேலையைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், காலடிப்பேட்டையில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். அவருடைய துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது தம்முடைய பழைய மோட்டார் காரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிரியத்தால் கொடுத்தார் என்று இவர் இன்றுவரை நம்புகிறார். கப்பலில் ஏற்றினால் மாலுமிகள் சிரிப்பார்கள் என்று கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

திறந்த கார். மேலே மடக்கி விரிக்கிற துணிக் கூரை. புதிதாக இருந்தபோது நல்ல அரக்குச் சிவப்பாம். எங்கள் கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்று, சில வருஷங்கள் கடற்காற்றைக் குடித்த பிறகு, அதன் நிறம் வெற்றிலை போட்டவர் வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வெயில் படும் பக்கம் ஒரு வெளுப்பு, படாத பக்கம் இன்னொரு வெளுப்பு. தொட்டால் விரலில் சிவப்பு மாவு ஒட்டும். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைப்பார். (துடைக்கத் துடைக்கத் துணி சிவந்தது, கார் வெளுத்தது. இதை நான் சொன்னால், பெண்களுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்பார்.)

அது பாட்டுக்கு அங்கே நின்றிருக்கும். யாருக்கும் தொல்லையில்லை. லோகாவுக்குச் செங்கல்பட்டிலிருந்து வரன் வந்ததும்தான் அந்தக் காருக்கு உயிர் வந்தது, எனக்குப் போயிற்று.

மாப்பிள்ளை சோமசுந்தரம் பட்டணத்திலேயே வேலையாக இருந்தார். நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டார். தகப்பனார் இல்லாததால் எல்லாவற்றையும் அவருடைய பெரியப்பா பார்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் என்றால் நிஜமாகவே எல்லாவற்றையும்தான். எங்கள் வீட்டு உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று குடைக் காம்பால் தட்டிப் பார்த்த மனிதர் அவர். நாங்களும் சைவம், அவர்களும் சைவம். ஆனால் அவருடைய சைவம் ஒரு படி மேல். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முட்டை சாப்பிடுகிறவர் என்று சந்தேகம் வந்தாலே பெட்டி மாறி உட்காருவாராம்.

நிச்சயதார்த்தத்தன்று பேச்சு மாப்பிள்ளை அழைப்பைப் பற்றி வந்தது. குதிரை வண்டி போதுமா, ஜோடிக் குதிரை வேண்டுமா என்று அவர்கள் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “குதிரை எதுக்குங்க? நம்ம வீட்லயே காரு இருக்கு” என்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து அவரை முறைத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையடிக்கும்போது அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார்.

பெரியப்பா உடனே எழுந்து, காரைப் பார்க்கவேண்டும் என்றார். கொட்டகைக்குப் போனார். சுற்றி வந்தார். இன்ஜினை மூடியிருக்கிற முன்மூடியின் மேல் ஒரு விரலால் கோடு போட்டு, அந்த விரலைப் பார்த்து, அதை என் வீட்டுக்காரரின் அங்கவஸ்திரத்திலேயே துடைத்துக்கொண்டார்.

“எங்க பையன் இந்த நிறத்துல இருக்கிற வண்டியில ஏறி ஊர்வலம் வரமாட்டான், சம்பந்தி. கார்னு சொல்லிட்டீங்க. இனிமே குதிரைன்னு இறங்கினா எங்களுக்கு அவமானம். அன்னிக்கு இது பளபளன்னு வரணும். வரலேன்னா, மேற்கொண்டு பேச ஒண்ணுமில்லே.”

வாடகைக்கு ஒரு கார் எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சொந்தக் காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் மாப்பிள்ளையை அழைத்தால் ஆபீசில் தலைகாட்ட முடியாது என்றார் என் வீட்டுக்காரர். சரி, முறையாக வர்ணம் அடிக்கலாமே என்றால், மவுண்ட் ரோடில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, பழைய வர்ணத்தைச் சுரண்டி, பூசி, காயவைத்து, மறுபடி பூசி, எல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், மழைக்காலமாக இருந்தால் அதற்கும் உத்தரவாதமில்லை என்றுவிட்டார்கள். கல்யாணமோ ஐப்பசியில், வந்தேவிட்டது.

லோகா கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் காரின் மட்கார்டை முந்தானையால் தேய்த்துக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. என் பெண்ணின் வாழ்க்கை ஒரு வெளுத்த தகரத்தில் வந்து மாட்டிக்கொண்டதே என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் முருகேசன் வந்தான்.

அவனுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் எழுத்து வேலை. ரயில் பெட்டிகளை அவன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. பேச்சைக் கேட்டால் மட்டும் இன்ஜினுக்கே அவன்தான் பால் ஊட்டி வளர்த்தான் என்று தோன்றும். காரைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ரயில் பெட்டி வெளுத்தால் என்ன செய்வார்கள் என்று எங்களைக் கேட்டான். எங்களுக்குத் தெரியவில்லை. ஆளி விதை எண்ணெய் பூசித் தேய்ப்பார்களாம். வர்ணம் உள்ளேதான் இருக்குமாம், தாகத்தில் செத்துக்கிடக்குமாம், எண்ணெய் குடித்தால் எழுந்து வருமாம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. வறண்ட தலைக்கு எண்ணெய் வைத்தால் முடி கறுக்கிறதே என்று நானே ஓர் உதாரணமும் எடுத்துக்கொடுத்தேன். (படித்தவள் இல்லையா.)

“அக்கா, அதை எங்கிட்ட விட்டுடு” என்றான்.

“சரி” என்றேன்.

ஆளி விதை எண்ணெய் வாங்கப் போனவன் சுறா மீன் எண்ணெயோடு வந்தான். வழியில் குப்பத்தில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு மழைக்கு முன்னால் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பார்த்ததும் அவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறுகிற மரத்தையே காப்பாற்றுகிற எண்ணெய், உப்புக் காற்றில் வெளுத்த காரைக் காப்பாற்றாதா என்றான். அதுவும் எண்ணெய்தான், இதுவும் எண்ணெய்தான் என்றான். டின்னைச் சுமந்துகொண்டு கூடவே வந்திருந்தார் படகுக்காரர் எத்திராஜு. அவருடைய மகள் என்னிடம்தான் படித்துக்கொண்டிருந்தாள். அந்த உரிமையில் நான் ஒரு கேள்வி கேட்டேன். நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

“இது நாறாதா, எத்திராஜு?”

“இன்னாத்துக்கு வாத்தியாரம்மா நாறுது? எங்க வூட்ல டின்னு டின்னா கீது. எங்க வூட்டுப் பொம்பளைங்க யாராச்சும் நாறுதுன்னு சொல்லிகீறாங்களா?”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நாறவில்லை. மீன் எண்ணெய் நாறுமா என்று மீன் பிடிக்கிறவரையே கேட்டுத் தெளிவு பெற்ற என் படிப்பைத்தான் சொல்லவேண்டும். அதைவிடக் கேவலம், டின்னைத் திறந்து எங்கள் எல்லோருடைய மூக்குக்கும் கீழே பிடித்தபோது எங்களுக்கும் நாறவில்லை. எப்படி நாறும்? கருவாடு காய்கிற காற்று தினமும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறது. லோகா பிறப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் அதைச் சுவாசிக்கிறோம். வாய்தான் சைவம். மூக்கு எப்போதோ குப்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது.

முதலில் ஒரு மட்கார்டில் பூசிப் பார்த்தோம். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால், அதில் என் முகம் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. சிவப்பு, என்ன சிவப்பு, குங்குமம் தோற்றது. நான் லோகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். “முழுக்கப் பூசுடா” என்று நானே சொன்னேன். அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பூச்சுப் பூசு என்றுதான் சொன்னேன்.

முருகேசன் நிறுத்தினானா? படகுக்கு ஒன்று போதும், கல்யாணத்துக்கு மூன்று வேண்டாமா என்றான். வெளுப்பு அதிகமான இடங்களில் சிவப்பு போதவில்லை என்று, கல்யாணக் கோலத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த காவிப் பொடியை எண்ணெயில் குழைத்து அப்பினான். உள்ளே இருக்கைத் தோல் வெடித்திருந்தது. தோலுக்கு எண்ணெய் நல்லது என்று அதற்கும் பூசினான். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு’ என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வானம் மூடிக்கொண்டது. தினமும் தூறல். எண்ணெய் காயவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாளும் விரல் வைத்தால் பிசுபிசுவென்று இழுத்தது. ஒரு ராத்திரிக் காற்று போதும் என்றான் முருகேசன். அன்றைக்குப் புரசைவாக்கத்திலிருந்து சமையலுக்கு வந்திறங்கிய தவசிப்பிள்ளை, கோட்டை அடுப்பு வெட்டக் கொல்லைக்குப் போனவர், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பி வந்து, பக்கத்தில் எங்கேயாவது மீன் காயவைக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், குப்பம் பக்கம்தான், கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று நான் அவருக்குப் பெருமையாகப் பதில் சொன்னேன். தெய்வம் சமையல்காரர் வேஷத்தில் வந்து எச்சரித்தது. நான் அதற்குச் சுகாதாரப் பாடம் நடத்தி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. சாயங்காலம் திருவொற்றியூர்க் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம். கார் அங்கே போய் நின்றபோது செங்கல்பட்டுக்காரர்கள் வரிசையாக அதில் முகம் பார்த்துக்கொண்டார்களாம். பெரியப்பா சுற்றி வந்து, “பரவாயில்லையே, சம்பந்தி” என்றாராம். அந்த ஒரு வார்த்தையை என் வீட்டுக்காரர் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதை மட்டும் சொல்வார். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டும் ஜரிகை வேட்டியுமாக ஏறி உட்கார்ந்தார். முருகேசன் ஓட்டினான். பெரியப்பா ஏறவில்லை. காருக்குப் பக்கத்தில், கதவின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு, கார் தம்முடையது என்று ஊருக்குத் தோன்றும்படி நடந்து வந்தார்.

கோயில் வாசலிலேயே அவருக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது. ஊர் நாற்றம் என்று நினைத்துக்கொண்டார். இந்த ஊரில் எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் அனுதாபமாகக் கேட்டாராம். சன்னிதித் தெரு தாண்டியும் நாற்றம் குறையவில்லை. அடுத்த தெருவிலும் குறையவில்லை. காஸ் லைட் சூட்டில் எண்ணெய் இளகி, குறைவதற்குப் பதிலாக ஏறியது.

“என்ன சம்பந்தி, ஊர் நம்ம கூடவே வருதே” என்றாராம் பெரியப்பா.

கூட வந்தது ஊர் மட்டுமில்லை. பூனைகளும் வந்தன. முதலில் ஒன்று, பிறகு கூட்டம். காலடிப்பேட்டையில் இத்தனை பூனைகள் வரி கட்டாமல் வாழ்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாதஸ்வரத்துக்குப் பின்னால், சீர்வரிசைத் தட்டுகளுக்கு முன்னால், வாலைத் தூக்கிக்கொண்டு அவை ஒழுங்காக நடந்து வந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒன்று முன்மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. முருகேசன் ஹாரன் அடித்தான். அது நகரவில்லை.

மழை விட்ட சாயங்காலம், வரிசையாகக் காஸ் லைட். இதற்கு ஈசல் வராமல் இருக்குமா? புற்றிலிருந்து புகை மாதிரி கிளம்பி வந்தது. வெளிச்சத்தில் மோதிய ஈசல் அத்தனையும் பசை மாதிரி இருந்த அந்தக் காரின் மேல் விழுந்து, ஒட்டிக்கொண்டு, இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் வாயைத் திறக்க முடியாமல் வாசிப்பை நிறுத்திவிட்டார். மேளம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டு வந்தது, சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி.

நான் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். தெருமுனையில் கார் திரும்பியது. பளபளப்பான சிவப்புக் காரை எதிர்பார்த்து நின்ற என் கண்ணுக்கு முன்னால், உடம்பு முழுக்க இறக்கை முளைத்து, சிலுசிலுவென்று நடுங்கிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பிராணி வந்து நின்றது. அதன் மேல் மாலையோடு என் மாப்பிள்ளை. மடியில் ஒரு பூனைக்குட்டி. என் கையில் ஆரத்தித் தண்ணீர் தளும்பி என் பட்டுப்புடவையிலேயே கொட்டியது.

பெரியப்பா காஸ் லைட் வெளிச்சத்துக்கு வந்தார். கதவிலிருந்து கையை எடுத்தார். எடுக்கும்போது சத்தம் கேட்டது. உள்ளங்கையைப் பார்த்தார், மணிக்கட்டு வரை சிவப்பு. மோந்து பார்த்தார்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். ரயிலில் பெட்டி மாறுகிறவர் அவர். கோயிலிலிருந்து எங்கள் வீடு வரை ஒரு சுறா மீனின் முதுகில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்.

“மீனு” என்றார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, கல்யாணத்துக்கென்று புதிதாய் வெள்ளையடித்திருந்த எங்கள் வாசற்சுவரில் அந்தக் கையை ஓங்கி ஓர் அறை அறைந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “இந்தக் கல்யாணம் நடக்காது.”

சுவரில் ஐந்து விரலும் அழகாகப் பதிந்தது.

உள்ளே லோகா இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டே ஏதோ முனகினார். முருகேசன் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பூனையை விரட்டுகிற அவசர வேலை வந்துவிட்ட மாதிரி நடித்தான். அப்போது எனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பெண்ணின் தாய் சம்பந்தியிடம் குரலை உயர்த்தக்கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“பளபளப்பு வேணும்னு சொன்னீங்க. வேறே எதையாவது கேட்டீங்களா? பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேட்டீங்களா? பாடத் தெரியுமான்னு கேட்டீங்களா? வண்டிக்கு நிறம் போதாதுன்னீங்க. அந்த நிறம்தான் இப்போ உங்க கையில இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க.”

‘எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. கல்யாணம் நின்றால் நிறுத்தியது அவரில்லை, நான் என்றாகிவிட்டது. ஆனால் வாபஸ் வாங்க வாய் வரவில்லை.

“சோமு, எறங்குடா. போலாம்” என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கோட்டின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், மடியிலிருந்த பூனைக்குட்டியைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

“எதுலே போறது, பெரியப்பா?”

பெரியப்பா ஒருகணம் யோசித்தார். “ரயில்ல.”

கடைசி ரயில் போய்விட்டது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இந்த நேரத்துக்கு ஜட்கா வண்டி கிடைக்குமா என்று கேட்டார் பெரியப்பா. கிடைக்காது என்றார்கள். அவர் வேறு வழியில்லாமல் திரும்பி, இறக்கையடித்துக்கொண்டிருந்த அந்தப் பிராணியைப் பார்த்தார். எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். அதன் மேல் இன்னொரு பூனை ஏறிக்கொண்டிருந்தது.

“திரும்பிப் போகணும்னா இதுலதான் போகணும். நான் இதுல இன்னொரு வாட்டி ஏறமாட்டேன்” என்றார் மாப்பிள்ளை. “அதுக்கு நான் கல்யாணமே பண்ணிக்கிறேன்.”

சொல்லிவிட்டுக் கோட்டிலிருந்து கைகளை உருவிக்கொண்டு, கோட்டை இருக்கையிலேயே விட்டுவிட்டு, வெறும் சட்டையோடு இறங்கி, எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவருடைய ஜரிகை வேட்டியின் பின்பக்கம் எப்படி இருந்தது என்பதை நான் எழுதமாட்டேன். அவர் இப்போது என் மருமகன்.

பெரியப்பா மட்டும் வெகுநேரம் வெளியே நின்றார். அவர் கைக்குச் சீயக்காய் போட்டோம், புளி போட்டோம், சாம்பல் போட்டோம், மண்ணெண்ணெய் போட்டோம். சிவப்பு கொஞ்சம் இறங்கியது, மணம் இறங்கவில்லை. அந்தக் கையால் சோற்றைத் தொடமாட்டேன் என்றார். பட்டினியாகவே கிளம்பிவிடுவார் போலிருந்தது. கடைசியில் துரை காரோடு கொடுத்திருந்த பெட்டியில் வெள்ளைக்காரன் சாப்பிடுகிற கரண்டி ஒன்று இருந்ததை வடிவு தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டுப் பெரியப்பா எங்கள் பந்தியில் இடது கையால் கரண்டி பிடித்து, சாம்பார் சாதத்தை மார்பெல்லாம் இறைத்துக்கொண்டு சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. இரண்டாவது தரம் பாயசம் கேட்டார் பெரியப்பா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. காலையில் முகூர்த்தம் நடந்தது.

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முருகேசன் கேட்டிருக்கவேண்டும், அவனும் கேட்கவில்லை. காரணம், அந்த எண்ணெய் தை மாத வெயிலில் காய்ந்தது. காய்ந்து இறுகியதும், ஒட்டியிருந்த இறக்கைகளைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார்கள். உள்ளேயிருந்து மாசு மறுவில்லாத அரக்குச் சிவப்பு வந்தது. நாற்றமும் போய்விட்டதாக வெளியூர்க்காரர்களே சொன்னார்கள். யார் வர்ணம் அடித்தது என்று என் வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் விசாரித்தார்களாம். “சொன்னேன்ல, அக்கா” என்றான் முருகேசன். பூனைகளை மன்னித்துவிடுவேன். ஈசலை மன்னித்துவிடுவேன். அந்தச் ‘சொன்னேன்ல’வை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

கார் இப்போது இல்லை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொட்டகை வாசலில் பூனைகள் சில காலம் வந்து காத்திருந்துவிட்டுப் போயின. ஆனால் கை இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வாசற்சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். ஆடி மாதத்துக்குள் எண்ணெய் கசிந்து, காவி கிளம்பி, பெரியப்பாவின் ஐந்து விரலும் வெள்ளையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். செங்கல்லால் தேய்த்தோம், இன்னும் ஆழமாய்ப் போயிற்று. காலண்டர் மாட்டினோம்; காலண்டரின் மேலும் ஊறிவிட்டது. “பெரியப்பா வந்துட்டாரு” என்று வடிவு சொன்னால், நிஜமாகவே அவர்தான் செங்கல்பட்டிலிருந்து வந்திருக்கிறாரா, சுவரில்தான் வந்திருக்கிறாரா என்று நான் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. அவரும் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

லோகாவுக்கும் மருமகனுக்கும் சண்டை வந்தால், “நீங்க எனக்காகவா கட்டிக்கிட்டீங்க? அந்தக் காருக்குப் பயந்து கட்டிக்கிட்டீங்க” என்பாள் அவள். அவர் மறுப்பதில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை, நடக்கவே நடக்காது என்று பிடிவாதமாகச் சொன்னால், மற்றவர்கள் உடனே, “சுவத்துல கை வச்சுச் சொல்லு” என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. என்னிடம் படிக்கிற எத்திராஜுவின் இளைய மகள் வரை இது பரவிவிட்டது.

நேற்று வந்தானே முருகேசன், காபி குடித்துவிட்டு எழுந்தவன், வாசல் கதவைத் தடவிப் பார்த்தான்.

“கதவு ரொம்ப வெளுத்துப்போச்சேக்கா. கல்யாணத்துக்குப் பத்துப் பேரு வர்ற வீடு. எங்கிட்ட விட்டுடு.”

வடிவின் கல்யாணத்தில் அவன் ஒரு துரும்பைக்கூடத் தொடமாட்டான், தொட விடமாட்டேன், இது நடக்கவே நடக்காது என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “சுவத்துல கை வச்சுச் சொல்லு.”

உள்ளேயிருந்து வடிவு சிரிக்கிற சத்தம் கேட்டது. கோபத்தில் நான் எழுந்து போய்க் கையை ஓங்கியும்விட்டேன். பெரியப்பாவின் விரல்கள் பளிச்சென்று இருந்தன. கையை இறக்கிக்கொண்டேன். அந்தச் சுவரில் கை வைத்துச் சொன்னது பலித்ததில்லை. எனக்கு இந்தத் தடவை சொன்னது பலித்தாகவேண்டும்.